படுக்கை தருவோர் கடமை

(விடுதி நடத்துவோர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



வழிப்பிரயாணிக்கு இடங்கொடுத்தல் நம் நாட்டில் நேற்றுத் தோன்றிய தொழிலன்று. மதுரையில் ராணி மங்கம்மாளின் பெயரால் நிற்கும் சத்திரமும், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டுவித்த முத்தாம்பாள் சத்திரமும் அதற்குச் சாட்சி. ஆனால் அந்தச் சத்திரங்களுக்கும் நீங்கள் இன்று நடத்துகிற லாட்ஜுகளுக்கும் இடையே ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. என் பேச்சு முழுவதும் அதிலிருந்தே பிறக்கிறதாகையால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்திரத்துக்குப் போன யாத்திரிகர் தம் பாயையும் தலையணையையும் ஜமக்காளத்தில் சுருட்டித் தாமே எடுத்துச் சென்றார். சத்திரம் அவருக்குக் கூரையும், கல் பாவிய தரையும், கிணற்று நீரும், பசிக்குச் சோறும் அளித்தது. விடிந்ததும் அவர் தம் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டபின், அந்தக் கல்தரையில் பெருக்கித் தள்ளவேண்டிய தூசியைத் தவிர அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. இன்றைய விடுதியோ மெத்தையையும், போர்வையையும், கட்டிலின் தலைப்பலகையையும், ஜன்னல் திரையையும் தானே தந்து, காலையில் ஒருவர் எழுந்துபோன அதே படுக்கையில் மாலையில் முன்பின் அறியாத மற்றொருவரைப் படுக்கவைக்கிறது. படுக்கையைத் தருகிறவர், அந்தப் படுக்கையில் வேறு எது குடியிருக்கிறது என்பதற்கும் பொறுப்பாளியாகிவிடுகிறார்.

எலியும் கரப்பானும் கொசுவும் எந்த வீட்டிலும் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னால் பேசுவேன். விடுதிக்கென்றே அமைந்த சத்துரு மூட்டைப்பூச்சிதான். அதற்குச் சிறகில்லை, கொசுவைப் போல ஜன்னல் வழியாகப் பறந்து வராது. மனிதருடைய பெட்டியிலோ, துணி மூட்டையிலோ, வாங்கிப் போட்ட பழைய கட்டிலிலோ ஏறித்தான் அது ஊர்விட்டு ஊர் போகும். ஆகவே எங்கே பல ஊர்ப் பெட்டிகள் ஒரே அறையில் மாறி மாறி இறங்குகின்றனவோ, அங்கே அதற்கு வாய்ப்பு மிகுதி. வளர்ந்த பூச்சி ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் நீளமே இருக்கும்; முட்டையோ ஒரு மில்லிமீட்டர் அளவினது, வெண்மையானது, மரத்தின் பிளவிலும் மெத்தையின் தையலிலும் பசைபோட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருப்பது. அந்த முட்டை நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் பொரிகிறது. குஞ்சு வளர்ந்து முழுப்பூச்சியாவதற்குள் ஐந்து முறை தோலுரிக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு தடவையாவது இரத்தம் குடித்தாக வேண்டும். உணவில்லாமல் வாரக் கணக்கில், குளிர்ந்த இடமானால் மாதக் கணக்கில்கூட அது உயிர் தரித்திருக்கும். ஆதலால், ‘அறையைப் பத்து நாள் பூட்டி வைத்தோம், இனிப் போயிருக்கும்’ என்று நம்புவதற்கு இடமேயில்லை.

இந்தப் பூச்சி மனிதருக்கு நோயைப் பரப்புவதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பயமுறுத்திக் காரியம் சாதிப்பது எனக்கு உடன்பாடன்று. ஆனால் நோய் தராததால் அதன் உபத்திரவம் சிறிதாகிவிடாது. நாள் முழுவதும் பேருந்தில் நின்றுகொண்டே வந்து, மறுநாள் காலை மகளுக்கு நேர்முகத் தேர்வோ, தாயாருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனையோ வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர், உங்களுக்குப் பணம் கொடுத்து வாங்குவது ஓர் இரவின் உறக்கத்தைத்தான். அந்த உறக்கம் கெட்டால் அவர் வாங்கிய பொருளை நீங்கள் கொடுக்கவில்லை என்றே அர்த்தம். அதற்கு மேலும் ஒன்று உண்டு: அவர் தம்மையறியாமல் அந்தப் பூச்சியைத் தம் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்; அவருடைய பிள்ளைகளின் படுக்கைக்கும் உங்கள் விடுதியின் அஜாக்கிரதை போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இவ்வளவு பிரத்தியட்சமான தீங்கு ஏன் இத்தனை இடங்களில் நிலைத்திருக்கிறது? நகர சுகாதாரப் பணியில் இருந்த காலத்தில் பல விடுதிகளுக்குள் சென்று பார்த்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைத் திட்டமாகச் சொல்லுகிறேன்: வெட்கமே அதற்குக் காரணம். மூட்டைப்பூச்சி இருப்பது அழுக்கின் அடையாளம், ஏழ்மையின் அடையாளம் என்ற எண்ணம் நம் சமூகத்தில் ஊறிக்கிடக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரே அறையில் நால்வராய்த் தங்கி வேலை தேடும் இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் இதன் பெயரைச் சொல்லுகிறோம். உண்மையில் அதற்குத் தேவை மனித இரத்தமும், ஒளிந்துகொள்ள ஒரு சந்தும். அறையின் வாடகை என்னவென்று அது கேட்பதில்லை. 2023ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில், அடுத்த ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் நடக்கவிருந்த நிலையில், இந்தப் பூச்சியைப் பற்றி எழுந்த பெரும் கலக்கத்தை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

வெட்கம் வந்த இடத்தில் மறைத்தல் வருகிறது. மெத்தையின் விளிம்பில் கரும்புள்ளிகளைக் கண்ட ரூம் பாய் அதை மேலாளரிடம் சொன்னால், ‘நீ சரியாகப் பெருக்கவில்லை’ என்று ஏச்சு வாங்குகிறான். சில இடங்களில் சம்பளத்திலேயே பிடித்தம். மறுமுறை அவன் விரிப்பை இழுத்து மூடிவிட்டுப் போகிறான். மேலாளரும் அவ்வாறே. அறையைப் பூட்டினால் அன்றைய வாடகை போகும். முதலாளிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஆகவே அவரும் அறியாதவர்போல் இருக்கிறார். இப்படி ஒருவருக்கொருவர் மறைக்கும் சில வாரங்களில், ஒரு கட்டிலில் இருந்த நான்கைந்து பூச்சிகள் சுவரிலுள்ள மின்கம்பிக் குழாய் வழியாகப் பக்கத்து அறைக்கும் மேல்மாடிக்கும் பரவி, அரை நாளில் முடிந்திருக்கக்கூடிய காரியம் ஒரு தளம் முழுவதையும் காலி செய்ய வேண்டிய விபத்தாக முடிகிறது. தடுப்பு என்பதெல்லாம் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதுதான். ஆரம்பத்தில் கண்டுபிடிப்பதோ, கண்டவர் பயமின்றிச் சொல்லுவதைப் பொறுத்தது. உங்கள் விடுதியில் மிக முக்கியமான சுகாதார அதிகாரி, தினமும் அந்த விரிப்பை மாற்றுகிறவர்தான்.

அவர் எங்கே பார்க்க வேண்டும்? மெத்தையின் விளிம்புத் தையல், அதன் மேல் ஓடும் நாடா, அடிப்புறத்தின் நான்கு மூலைகள், கட்டிற் சட்டங்கள் பொருந்தும் மூட்டு, தலைப்பலகையின் பின்புறம், அருகேயுள்ள மின்விசைப் பலகையின் ஓரம், திரைச்சீலையின் மேல் மடிப்பு. பூச்சியைக் காண்பது அரிது. மையால் தொட்டு வைத்தாற்போன்ற அதன் எச்சப் புள்ளிகளும், உரித்துப் போட்ட மெல்லிய தோலும், விரிப்பில் சிறு இரத்தக் கறையும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். ஒரு கைவிளக்கும் ஐந்து நிமிஷ அவகாசமும் இருந்தால் போதும். சந்தேகம் உறுதிப்பட்டால் அந்த அறையோடு, அதன் இருபுறத்து அறைகளையும், மேலும் கீழும் உள்ள அறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விருந்தினரை அவசரமாக அடுத்த அறைக்கு மாற்றுவதும், மெத்தையைத் தாழ்வாரத்தில் இழுத்துக்கொண்டு போவதும், பூச்சியை நாமே எடுத்துச் சென்று நட்டு வளர்ப்பதாகும். ஒருமுறை ஒழித்தபின் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பது கட்டாயம். முதலில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும்.

‘இவ்வளவு சிரமம் எதற்கு? மருந்து அடித்துவிட்டால் போகாதா?’ என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்தக் கேள்விக்கு உலகம் ஒருமுறை மிகுந்த விலை கொடுத்து விடை கண்டிருக்கிறது. டி.டி.டி. என்ற ரசாயனத்துக்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டென்று ஸ்விட்ஸர்லாந்து தேசத்து விஞ்ஞானி பால் முல்லர் 1939இல் கண்டறிந்தார். 1948இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேல்நாடுகளில் மூட்டைப்பூச்சி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஆனால் அந்தப் பரிசு வழங்கப்படுவதற்கு முன்னரே, 1947இல், ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ல் ஹார்பர் படை முகாமில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன. அதன்பின் வந்த மருந்துகளுக்கும் அவ்வாறே நேர்ந்தது. ஒவ்வொரு மருந்தும் பலவீனமானவற்றைக் கொன்று, தாங்கக்கூடியவற்றை மிச்சம் வைத்தது. மிஞ்சியவற்றின் வம்சம் பெருகியது. சென்ற நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மூட்டைப்பூச்சி திரும்பி வந்தபோது, அது பழைய பூச்சியாக வரவில்லை. இன்று மிகுதியாகப் பயன்படும் பைரெத்ராய்ட் வகை மருந்துகளை எதிர்த்து நிற்கும் உடலோடு வந்தது. மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணும் கையும் செய்யவேண்டிய வேலையை மருந்து செய்துவிடும் என்று நம்பாதீர்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

மேலும், மருந்தென்று நாம் சொல்லுவது விஷம். 2018 ஆகஸ்டில், எகிப்து நாட்டின் ஹுர்காதா கடற்கரையிலுள்ள ஒரு ஹோட்டலில் தங்கியிருந்த ஆங்கிலேயத் தம்பதியர் இருவர் மாண்டனர். அவர்களுடைய அறைக்குப் பக்கத்து அறையில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிக்கப்பட்டிருந்தது. இரு அறைகளுக்கும் இடையே ஒரு கதவு இருந்தது. அந்த மருந்தில் கலந்திருந்த டைகுளோரோமீத்தேனின் ஆவி உடலுக்குள் கார்பன் மோனாக்ஸைடாக மாறி உயிரைக் கொண்டுபோயிற்றென்று 2023இல் இங்கிலாந்தில் நடந்த மரண விசாரணை முடிவு கூறியது. நம் அருகிலேயே, 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக வைக்கப்பட்ட மருந்தின் நச்சுக்காற்றால் இரண்டு குழந்தைகள் மாண்டதை நினைக்கும்போது இன்னும் என் நெஞ்சு பதறுகிறது. ஏ.ஸி. போட்டு ஜன்னலை அடைத்துத் தூங்குவோர் நிறைந்த விடுதியில் இத்தகைய மருந்துகளைக் கையாள்வது எவ்வளவு பயங்கரமான காரியம் என்பதை எண்ணிப் பாருங்கள். பூச்சிமருந்துகளை ஒழுங்குபடுத்த நம் நாட்டில் 1968ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. உரிமம் பெற்றவரைத் தவிர வேறெவரையும் மருந்துக் குப்பியுடன் படியேற விடாதீர்கள். என்ன மருந்து, எந்த அறை, எத்தனை மணிக்கு, மறுபடி எப்போது திறக்கலாம் என்பவற்றை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து அறைகளில் அன்றிரவு எவரையும் தங்கவைக்காதீர்கள்.

விஷமில்லாத ஓர் ஆயுதம் உங்கள் கையிலேயே இருக்கிறது: அது உஷ்ணம். வளர்ந்த மூட்டைப்பூச்சி நாற்பத்தெட்டு டிகிரி சென்டிகிரேட் சூட்டில் சாகும். முட்டைக்கு ஏறக்குறைய ஐம்பத்தைந்து டிகிரி வேண்டும். நம் பாட்டிமார் கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டுக் கொதிக்கும் வெந்நீரை அதன் மூட்டுகளில் ஊற்றினார்களே, அந்த முறை இந்த விஞ்ஞானத்துக்கு முற்றிலும் பொருந்தியது. சூடு பூச்சி இருந்த இடத்துக்கே நேராகச் சென்றது. ஆனால் கனத்த மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டால் அவ்விதம் பலிக்காது. மேற்புறம் சுட்டாலும் நடுவும் அடிப்புறமும் சூடேறுவதில்லை, பூச்சி நிழலுள்ள பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளும். விரிப்புகளையும் உறைகளையும் அறுபது டிகிரி வெந்நீரில் துவைத்து, சூடான காற்றில் உலர்த்துவது நிச்சயமான வழி. கட்டில் மூட்டுகளுக்கு இப்போது நீராவிக் கருவிகள் வந்திருக்கின்றன. மெத்தைக்கு முழுவதும் மூடும் ஜிப் உறை கிடைக்கிறது. வேப்பிலையும் வசம்பும் நம் வீடுகளில் மதிப்புக்குரியவை. ஆயினும் பூச்சி பிடித்துவிட்ட ஓர் அறையை அவற்றால் மீட்க முடியாது. நாப்தலின் உருண்டையும் அப்படியே. மண்ணெண்ணெய் தெளிப்பதோ தீ விபத்துக்கு அழைப்பு. அதை அடியோடு விட்டுவிடுங்கள்.

அழுக்குத் துணி போகும் வழியையும் கவனிக்க வேண்டும். பல விடுதிகளில் எடுத்த விரிப்பைத் தாழ்வாரத்தில் குவித்து, அதே தள்ளுவண்டியில் சலவைத் துணியையும் அடுக்கிக்கொண்டு அறை அறையாகப் போகிறார்கள். அறைக்குள்ளேயே ஒரு பையில் போட்டுக் கட்டிவிட்டால் பரவுதற்கு வழியில்லை. விருந்தினரின் பெட்டியை வைக்க, சுவரோடு ஒட்டிய மரத்தட்டுக்குப் பதிலாக, சுவரைத் தொடாத இரும்புக் கால் தாங்கி ஒன்று இருக்கட்டும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் விடுதி நடத்துவோரிடம் தனியே ஒரு வேண்டுகோள்: சீஸன் முழுவதும் கம்பளியும் ரஜாயும் துவைக்கப்படாமலே பலரை மூடுகின்றன, குறைந்தபட்சம் அவற்றுக்கு ஒரு துணியுறை போட்டு, அந்த உறையையாவது ஒவ்வொருவருக்கும் மாற்றுங்கள்.

இனி மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். சமையற்கட்டிலுள்ள சிறிய கரப்பான் பெரும்பாலும் சாக்கடையிலிருந்து வருவதில்லை. அட்டைப்பெட்டியிலும், சாக்கிலும், முட்டை அடுக்கும் தட்டுகளிலும் வருகிறது. ஆகையால் மளிகைப் பொருளை வாசலிலேயே பிரித்து, அட்டையை உள்ளே விடாமல் வெளியே அனுப்புவதுதான் முதல் வேலை. பெண் கரப்பான் முப்பது நாற்பது முட்டைகள் அடங்கிய கூட்டைத் தன் உடம்போடு சுமந்து திரிகிறது. தெளிக்கும் மருந்து அந்தக் கூட்டுக்குள் புகாது. அடுப்படியின் பின்னால் படிந்த எண்ணெய்ப் பிசுக்கை வாரந்தோறும் சுரண்டி எடுத்து, பிளவுகளில் ஜெல் மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைப்பது தெளிப்பதைவிடப் பன்மடங்கு பயன் தரும். பிசுக்கு இருக்கும்வரை அந்த ஜெல்லை அது சீண்டாது என்பதால், சுத்தம் முந்தி, மருந்து பிந்தி.

எலியைப் பற்றிச் சொல்லும்போது வேறு ஒரு சரித்திரம் நினைவுக்கு வருகிறது. 1896இல் பம்பாயில் மூண்ட பிளேக் பல்லாயிரவரை வாரிக்கொண்டு போன பின்னரே, 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோந் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயைக் கடத்துகிறதென்று நிறுவினார். இன்று நம் கவலை, எலியின் சிறுநீரால் நீரிலும் தரையிலும் பரவும் எலிக் காய்ச்சல். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும், எலிக்குப் பன்னிரண்டு. கதவின் அடியில் ஒரு பென்சில் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும் என்று உங்கள் காவலாளியிடம் சொல்லி வையுங்கள். குழாய் சுவரைத் துளைக்கும் இடங்களை இரும்பு நார் வைத்துச் சிமெண்டால் அடைத்தல், சாக்கடைக்கு வலைமூடி, குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி ஆகிய இவை முடிந்தபின் பொறி வைக்கலாம். எலி புதிய பொருளை நம்பாது. ஆகவே பொறியைச் சில நாள் விசையேற்றாமல் தீனியோடு வைத்துப் பழக்குங்கள். மூஞ்சூறு எலிக்குலத்தைச் சேர்ந்ததன்று. கரப்பானையும் பூச்சிகளையும் தின்பது. அதை எலியென்று கொல்லவேண்டியதில்லை.

கொசுவில், டெங்கு பரப்பும் ஏடிஸ் நல்ல நீரில்தான் வளர்கிறது. ஏ.ஸி.யிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கும் வாளி, வரவேற்பறைப் பூச்சாடியின் அடித்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் உடைந்த வாஷ்பேசின், ஆளில்லாத அறையின் பிளஷ் தொட்டி இவையெல்லாம் அதன் தொட்டில்கள். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமே பிடிக்கும் என்பதால், வாரம் ஒருமுறை கொட்டிக் கவிழ்த்தால் வம்சம் அறுபடும். ஆனால் காய்ந்த பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டை மாதக் கணக்கில் உயிரோடிருக்குமாதலால், கவிழ்ப்பதோடு தேய்த்தும் கழுவ வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசுவோ மேல்நிலைத் தொட்டியிலேயே வளரும். தொட்டி மூடியின் சந்து உங்கள் கவனத்துக்குரியது.

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே தங்கும் விடுதிகளுக்கும், சந்தை திருவிழாக்களுக்கும் தனித்தனி விதிகள் இடம் பெற்றன. அவ்விரண்டும் சேரும் காலம்தான் அபாயகரமானது என்பது என் அனுபவம். பழநியில் தைப்பூசம், திருவண்ணாமலையில் தீபம் என்றால் ஒரே அறை ஒரே நாளில் இரண்டு மூன்று குடும்பங்களுக்கு மாறுகிறது. காலை பத்து மணிக்குக் காலியான அறைக்குப் பதினொரு மணிக்கு ஆள் காத்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பெண்மணி ஏழெட்டு அறைகளைப் பெருக்கி, கழிவறை கழுவி, விரிப்பு மாற்றவும் வேண்டும் என்றால், தலைப்பலகையின் பின்னால் கைவிளக்கு அடித்துப் பார்க்க அவருக்கு ஏது பொழுது? திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னும், முடிந்த மறுவாரமும், எல்லா அறைகளையும் முறை வைத்துச் சோதிப்பது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கூட்ட நாளில் முடியாததை முன்னும் பின்னும் செய்யலாம்.

புதிதாகக் கட்டுவோர் தலைப்பலகையைச் சுவரில் ஆணியடித்து இறுக்காமல், கழற்றி மாட்டும்படி கொக்கியில் தொங்கவிடச் சொல்லுங்கள். அடியில் பெட்டிபோல் மூடிய கட்டில் வேண்டாம். நான்கு காலில் நின்று, கீழே விளக்கொளி படும் கட்டில் போதும். இவை தச்சர் ரம்பம் எடுப்பதற்கு முன்பே சொல்லவேண்டியவை.

கடைசியாக, நான் முன்பு சொன்ன வெட்கத்துக்கே திரும்பி, ஒரு வேண்டுகோளை உங்கள்முன் வைக்கிறேன். ஒவ்வொரு விடுதியிலும் ஓர் ஏடு வையுங்கள்: அறை எண், தேதி, கண்டது என்ன, செய்தது என்ன என்ற நான்கு கட்டங்கள் போதும். முதலில் கண்டு சொன்னவருக்கு அபராதம் இல்லை, அன்றைய கூலிக்கு மேல் ஏதேனும் சன்மானம் உண்டு என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவியுங்கள். விருந்தினர் வந்து புகார் சொன்னால், ‘உங்கள் பெட்டியில் வந்திருக்கும்’ என்று அவர்மேல் திருப்பாமல், அவருடைய துணிகளைச் சூட்டில் உலர்த்திக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். மேலாளரை நிரம்பிய அறைகளின் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுகிற வழக்கம் இருக்கும்வரை அவர் எந்த அறையையும் பூட்டமாட்டார். ஆகையால் பூச்சிக்காகப் பூட்டிய அறையின் வாடகை நஷ்டத்தை அவர் கணக்கில் ஏற்றாமல், கட்டடம் பழுதுபார்க்கும் செலவோடு சேர்த்து எழுதும்படி உங்கள் கணக்கரிடம் நாளைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.